ஆனா, ஆஃபா, சொல்லுங்கள் மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் தன் கையாலேயே எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே போகிறேன். ‘தன் கையாலேயே’ என்று முதல் வரியில் எழுதியிருப்பதை அவசரத்தில் தாண்டி வந்திருந்தால், தயவுசெய்து திரும்பிப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன். உங்கள் கல்யாணம் ஆன புதிதில் இங்கிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் நான் வாயால் சொல்லி உங்கள் அத்தை எழுதியவை. நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதை எல்லாம் அவள் மூன்று வரியில் முடித்து உறையை ஒட்டியிருக்கிறாள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இந்தக் கடிதம் அப்படி இருக்காது. இதை எழுதச் சில நாளாகிறது. ஒரு வரி எழுதுவேன், தள்ளி வைத்துப் பார்ப்பேன், நன்றாக இருந்தால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். ஆகையால் நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்குக் கொடுத்த லேப்டாப் திறக்க மாட்டேன் என்கிறது. ரயில் மாதிரி நீளமான ஓர் எண்ணைக் கேட்டுக்கொண்டு நீலமாக நிற்கிறது. அந்த எண் உங்களிடம் இருக்கும் என்று இங்கே சொல்கிறார்கள். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் டீச்சர் திங்கட்கிழமை வருவதற்குள் எண் எனக்கு வந்து சேர வேண்டும். இரண்டாவது, செக்யூர் பூட் என்று அதற்குள் ஒன்று இருக்கிறதாம், அதை ஆன் செய்து வைப்பதா ஆஃப் செய்து வைப்பதா என்று ஒரே ஒரு வார்த்தையில் பதில் வேண்டும். “இதுக்குப் போன் பண்ணாப் போதாதா?” என்று உங்கள் அத்தை கேட்டாள். போன் என்றால் நான் பாதி சொல்லும்போதே நீங்கள், “மாமா, அதுல கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல?” என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் பேச முடியாது. எழுதப் படிக்கத் தெரிந்ததில் இப்படி ஒரு வசதி இருப்பதை இத்தனை வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் எழுத்து வகுப்பு, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு எதிர் அறையில் நடப்பது உங்களுக்குத் தெரியும். மாணவர்கள் ஆறு பேர். நான் ஒருவன். ரிட்டயரான லாரி டிரைவர் ஒருவர். முனைக் கடையில் துணி தேய்க்கும் இஸ்திரி அக்கா; அவர் எனக்கு வயதில் ரொம்பச் சின்னவர்தான், ஆனாலும் அந்தக் குரலுக்கு அக்கா என்பதைத் தவிர வேறு உறவு பொருந்தாது. மற்ற மூன்று பேர் எதற்கும் தலையாட்டுவதோடு சரி, அவர்களை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு பேருக்கு ஒருவர் குறைந்தாலும் வகுப்பை மூடி அறையை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவோம் என்று குடியிருப்பு அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் யாருக்காவது சளி பிடித்தால்கூட மற்ற ஐந்து பேரும் போய்ப் பார்த்து, கஷாயம் கொடுத்து, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

எங்களில் பாதிப் பேருக்குப் பொடி எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் உங்கள் லேப்டாப்பை வகுப்புக்குக் கொடுத்தேன். டீச்சர் அதில் ஒரு கதையை உள்ளங்கை அகல எழுத்தில் அடித்து, நாளுக்கு ஒரு பக்கம் காட்டுவார். கதை என்னவென்றால், ஒருவன் பஸ்ஸில் மனைவியோடு வந்து, பைகளை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறான், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை மட்டும் மறந்துவிடுகிறான். அவள் கடைசி ஸ்டாப்பில் டிப்போவில் கண் விழிக்கிறாள். திரும்பும் பஸ் எதிரிலேயே நிற்கிறது. அவள் ஏறவில்லை. டிப்போ கேன்டீனில் தட்டுக் கழுவி, அங்கேயே தங்கிவிடுகிறாள். “நல்லா வேணும் அவனுக்கு,” என்று இஸ்திரி அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். “பாவம்க்கா, மறதிதானே,” என்று டிரைவர் சொன்னார். “பையை மறந்தானா?” என்று அக்கா கேட்டதும் டிரைவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசியாக நாங்கள் படித்த பக்கத்தில் அவள் டிப்போ ஆபீஸில் போனைக் கையில் எடுத்து வீட்டு நம்பரைச் சுழற்றுகிறாள். மறுமுனையில் மணி அடிக்கிறது. ‘எடுத்தது’ என்ற வார்த்தையோடு பக்கம் முடிந்துவிட்டது. எடுத்தது யார் என்று அடுத்த பக்கத்தில்தான் இருக்கும். டீச்சர் லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்து, “நாளைலேர்ந்து எனக்கு வெளியூர்ல பயிற்சி. நீங்கதான் லீடர். பழைய பக்கத்தையே படிச்சிட்டு இருங்க. முன்னால போகக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள், ஒருத்தி போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஆறு பேர் எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்? நாங்கள் ஒரு நாள் இருந்தோம். மறுநாள் டிரைவர், “ஒரே ஒரு வரி பார்த்துட்டு மூடிடலாம். ஹாரன் அடிக்காம ஓவர்டேக் பண்ற மாதிரி,” என்றார். மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் லீடர் என்ற முறையில் கதவைச் சாத்திவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். திறந்தால் கதையைக் காணோம், திரை முழுக்க ஓர் அறிவிப்பு. நீங்கள் அதில் எல்லாவற்றையும் தமிழில் வரும்படி செய்து கொடுத்த புண்ணியத்தால் அதை நானே படித்தேன். யார் உதவியும் இல்லை. ‘இந்தச் சாதனத்துக்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்காது.’ ‘புதுப்பிப்புகள்’ வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, ஆனால் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. படித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அதற்கு அர்த்தம் என்ன என்று யோசித்தோம். டிரைவர், “பிரேக் இல்லாத வண்டின்னு அர்த்தம். முதல்ல ஓரங்கட்டுங்க, யாரும் எதையும் தொடாதீங்க,” என்றார். பயந்து மூடிவிட்டோம். கதை உள்ளே இருக்கும்போதே வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு நான் மாடி வீட்டு வக்கீலிடம் போனேன்.

அந்த வக்கீலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டிடத்தில் யாராவது கம்ப்யூட்டர் என்று தும்மினால் போதும், அவர் படியிறங்கி வந்துவிடுவார். நான் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகும்போதே அவர் பாதிப் படி இறங்கியிருந்தார். “இதைத் தூக்கிப் போட வேண்டாம் பெரியவரே. நான் வெச்சிருக்கிற மாதிரி வேற சிஸ்டம் போட்டுக்கலாம். இலவசம். பழசு ஒரு ஓரமா அப்படியே இருக்கும், ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் மாதிரி,” என்றார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. “ஆனா முதல்ல செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிடணும்,” என்றார். அது என்ன என்று கேட்டேன். “மெஷின் கண்ணு முழிக்கிற நேரத்துல வாசல்ல ஒரு காவல்காரன் நிப்பான். உள்ள வர்ற சிஸ்டம் கையெழுத்துப் போட்டிருக்கான்னு பார்ப்பான். தெரிஞ்ச கையெழுத்துன்னா விடுவான், இல்லன்னா வெளிய தள்ளிடுவான்,” என்றார். “நீங்க போடப் போறதுக்குக் கையெழுத்துத் தெரியாதா?” என்று கேட்டேன். “தெரியும். முறையாக் கையெழுத்துப் போட்டது.” “அப்போ காவல்காரன் விட்டுடுவானே?” “விட்டுடுவான்.” “அப்புறம் அவனை எதுக்கு வீட்டுக்கு அனுப்பணும்?” வக்கீல் ஒரு படி மேலே ஏறினார். “ஒரு தொந்தரவு இல்லாம இருக்கும்ல,” என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன், ஆனால் அந்தக் காவல்காரனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். என்னையும் பாங்கில் அப்படித்தான் நிறுத்தினார்கள். கட்டை விரல் ரேகையோடு போனவரைக்கும் பேசாமல் விட்டார்கள், முதல் முறையாக அழகாகக் கையெழுத்துப் போட்டதும், “இது யாரோடது?” என்றார்கள். ஆகையால் புதிய சிஸ்டத்தின் மேல் எனக்கு ஓர் இரக்கம் வந்துவிட்டது.

அறைக்குத் திரும்பும் வழியில், கட்டிட வாசலில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். “ஆஃப் பண்ணச் சொன்னாரா? வக்கீலா? சீல் உடைஞ்ச பாட்டிலை நான் உங்களுக்குக் குடுப்பேனா? குடுத்தா நீங்க குடிப்பீங்களா? அந்த செக்யூர் பூட் சீல் மாதிரி. ஃபேக்டரில போட்ட மூடி அப்படியே இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பார்த்துச் சொல்லும். அது ஆன்ல இருக்கும்போதே புது சிஸ்டம் தாராளமாப் போடலாம். ஏதோ ஒண்ணு ரெண்டு பாகம் மட்டும் சண்டித்தனம் பண்ணும், அதுக்கும் வழி இருக்கு,” என்றார். எனக்கு வக்கீல் சொன்னதும் சரி என்று பட்டது, மருந்துக்கடைக்காரர் சொன்னதும் சரி என்று பட்டது. “ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்?” என்று உங்கள் அத்தை கேட்டாள். அதுவும் சரி என்று பட்டது.

வகுப்பில் போய் இரண்டு தரப்பையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். அங்கேதான் வினை. இஸ்திரி அக்கா, “சீக்கிரம் ஆகுறது எதுவோ அதைப் பண்ணுங்க. எனக்கு அந்தப் போனை எடுத்தது யாருன்னு தெரியணும்,” என்று வக்கீல் கட்சிக்குப் போய்விட்டார். டிரைவர், “பிரேக்கைக் கழட்டிட்டா வண்டி வேகமாத்தான் போகும்க்கா,” என்று மருந்துக்கடைக் கட்சிக்குப் போய்விட்டார். மூன்று பேரும் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டினார்கள். வக்கீல் கீழே வந்து அக்காவுக்கு வழி காட்டினார். மெஷின் கண் விழிக்கும்போது ஒரு பொத்தானை விடாமல் அழுத்த வேண்டும், நீலத் திரை வரும், கீழே கீழே கீழே, வலது, மறுபடி கீழே, ஓர் அழுத்து. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால் உங்கள் அத்தையை அடுப்படியிலிருந்து அழைத்து வந்து படிக்கச் சொன்னோம். “ஆஃப்னு வந்திருக்கு. நான் போகலாமா? பால் பொங்கும்,” என்றாள். அக்கா அதில் ஓர் எழுத்துப் படிக்கவில்லை, ஆனால் சட்டை மடிக்கிற மாதிரி விரலுக்கு வழி பழகிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டிரைவருக்கும் பழகிவிட்டது என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கே புதிய சிஸ்டத்தைப் போட்டிருக்கலாம். வக்கீலுக்குக் கோர்ட்டு வந்துவிட்டது. அடுத்த நாள் அவருக்குத் தலைவலி. இந்த இடைவெளியில் டிரைவர் டீ குடித்துவிட்டு வரும் வழியில் அறைக்குள் நுழைந்து அதை ஆன் செய்துவிட்டுப் போனார். அக்கா கடை திறக்கும் முன்னால் வந்து ஆஃப் செய்துவிட்டுப் போனார். இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, “நான்தான் பண்ணேன், வெளிய சொல்லாதீங்க,” என்றார்கள். நான் லீடர், வெளியே சொல்லவில்லை. அறைச் சாவி என்னிடம் இருந்தது, கேட்டவருக்குக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் வகுப்புக்கு வரமாட்டேன் என்று இருவருமே சொன்னார்கள், ஒருவர் குறைந்தாலும் வகுப்புப் போய்விடும். இப்படி ஆனும் ஆஃபுமாக எத்தனை தடவை போனதோ, ஒரு நாள் காலை நான் போய்த் திறந்தபோது வேறு ஒரு நீலத் திரை நின்றது. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது நகரவில்லை. அதுவும் ஆங்கிலம், படித்துச் சொல்ல உங்கள் அத்தையும் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள்.

நான் கடைக்குப் போர்டு எழுதியே பிழைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதினேன் என்பதைவிட வரைந்தேன் என்பதுதான் சரி. துண்டுத்தாளில் கொடுப்பதைப் பார்த்துப் பெரிதாக்கி வரைவேன், என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது தெருவில் போனால் என் போர்டுகளை நின்று நின்று படிக்கிறேன், ஒவ்வொன்றும் எனக்குப் புதுச் செய்தி. மாவு மில் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பல் டாக்டர். சரி, அது கிடக்கட்டும். அந்த நீலத் திரையைப் பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் தூரிகையால் அப்படியே இறக்கினேன். நீலம் அடித்து, வெள்ளையில் எழுத்து, எழுத்துக்கு ஒரு மெல்லிய நிழல். காய்ந்ததும் மருந்துக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் முதலில் தூரத்தில் வைத்துப் பார்த்தார். “போன்ல ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே,” என்றார். பிறகு, “ஆனா இது நல்லா இருக்கு,” என்று தன் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். மாட்டிய பிறகுதான் படித்துச் சொன்னார். “ரெக்கவரி கீ கேக்குது. வாசல் காவல்காரனை இப்படி மாத்தி மாத்தி வெச்சா உள்ள இருக்கிற பெட்டகம் சந்தேகப்படும். வீட்டுக்காரர் நீங்கதானான்னு எண்ணைக் கேக்கும். மெஷினை முதல்ல யார் தயார் பண்ணாங்களோ அவங்க கணக்குல அந்த எண் இருக்கும்.” ஆகவே மாப்பிள்ளை, அந்த வீட்டுக்காரர் நீங்கள்தான்.

உங்களுக்கு எழுதும் முன்னால் நாங்களும் சும்மா இருக்கவில்லை. டிரைவர் தான் ஓட்டிய லாரிகளின் நம்பர்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தார், ஒவ்வொரு லாரிக்கும் கொஞ்ச நேரம் கண் கலங்கினார். இஸ்திரி அக்கா தன்னிடம் துணி தேய்க்கக் கொடுப்பவர்களின் போன் நம்பர்களை மனப்பாடமாகச் சொன்னார். மூன்று பேரில் ஒருவர் வாய் திறந்து, “எங்க வீட்டுப் பால் கணக்கு?” என்றார், அதையும் போட்டோம். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, “என் பொறந்த நாளைப் போட்டுப் பாருங்களேன், ஞாபகம் இருந்தா,” என்றாள். போட்டேன். மெஷின் தவறு என்றது. “பாருங்க, அதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனவள் அன்று சாயங்காலம்வரை என்னிடம் பேசவில்லை.

இன்று காலை வக்கீல் தலைவலி தீர்ந்து இறங்கி வந்தார். கையில் பென்டிரைவ். “எண்ணு இல்லன்னா இல்லாமப் போகட்டும். எல்லாத்தையும் அழிச்சிட்டுச் சுத்தமா போட்டுடலாம். காவல்காரனும் வேண்டாம், பெட்டகமும் வேண்டாம்,” என்றார். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

“எதை அழிப்பீங்க?”

“உள்ள இருக்கிறதை எல்லாம்.”

“உள்ள அந்தப் பொம்பள போன் பேசிட்டு நிக்கிறா.”

“அக்கா, அது கதைக்கா.”

“உங்க கேசும்தான் கதை. அதை அழிச்சா சும்மா இருப்பீங்களா?”

வக்கீல் என்னைப் பார்த்தார். அக்கா லேப்டாப்பை மூடி இடுக்கிக்கொண்டார். “டீச்சர் ராவும் பகலும் உக்காந்து அடிச்சு வெச்சிருக்குது. அது வந்து கேட்டா என்ன சொல்வீங்க? கதை போச்சுன்னா நானும் போறேன். எனக்கு எழுத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்,” என்றார். இதை அவர் கத்திச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது, மெதுவாகச் சொன்னார்.

மாப்பிள்ளை, உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். மாமாவுக்குத்தான் எழுதப் படிக்க வந்துவிட்டதே, வகுப்புப் போனால் என்ன என்று கேட்கலாம். எனக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. ஒரு வரியை ஆரம்பிப்பார், நடுவில் நின்றுவிடுவார், மிச்சத்தை டிரைவர் இழுத்துக்கொண்டு போவார், அவர் நிற்கும் இடத்தில் நான் தள்ளுவேன். அப்படித்தான் நாங்கள் பஸ்ஸிலிருந்து டிப்போவரைக்கும் வந்தோம். அவர் போய்விட்டால் ஆறு ஐந்தாகும், அறைக்கு வேறு பூட்டு வரும். அதனால் எண்ணை உடனே அனுப்புங்கள். கூடவே ஆனா ஆஃபா என்பதையும் எழுதுங்கள், வக்கீலும் மருந்துக்கடைக்காரரும் இப்போது ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. வக்கீலுக்குத் தலைவலி மாத்திரை வாங்க நான் நடக்க வேண்டியிருக்கிறது. என்னைத் திட்ட வேண்டும் என்றால் அதையும் எழுத்தில் திட்டுங்கள், நானே படித்துக்கொள்வேன், அத்தைக்குக் காட்ட மாட்டேன்.

பாப்பா நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நீங்கள் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி, சின்னவர்கள் தலையில் என் பேரைச் சொல்லி ஒரு தடவை கை வையுங்கள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன். நன்றாக விழுந்திருக்கிறது, பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: எண்ணை அனுப்ப வேண்டாம்.

நான் இதை உறையில் போட்டு ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது டீச்சர் வந்து நின்றார். பயிற்சி முன்னாலேயே முடிந்துவிட்டதாம். எனக்கு வாய் எழவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை உறையிலிருந்து எடுத்து முதல் வரியிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால் வசதியாக இருந்தது. டீச்சர் முடிந்ததும், “எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. எண்ணு என்கிட்ட இருக்கே,” என்றார். லேப்டாப் வகுப்புக்குப் போனது தெரிந்ததுமே நீங்கள் அவருக்கு எண்ணை அனுப்பி, ‘மாமாவிடம் கொடுக்க வேண்டாம்’ என்றும் சொன்னீர்களாம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியிருப்பதோடு சரி.

எல்லோரையும் கூப்பிட்டேன். டீச்சர் எண்ணைப் போட்டார், நீலம் போய்க் கதை வந்தது. அதே பக்கம், அதே ‘எடுத்தது’. அக்கா, “அடுத்த பக்கம் தள்ளும்மா,” என்றார். டீச்சர் தள்ளவில்லை. “அடுத்த பக்கம் இல்லையேக்கா. இன்னும் எழுதல. தினமும் இங்க வரும்போது பஸ்ல உக்காந்து யோசிச்சு, வந்த உடனே ஒரு பக்கம் அடிப்பேன். அதனாலதான் முன்னால போகக் கூடாதுன்னேன். அவ்வளவுதான்,” என்றார். நாங்கள் எந்த முடிவுக்காக அடித்துக்கொண்டோமோ, அது எந்த மெஷினுக்குள்ளும் இல்லை, மாப்பிள்ளை. டிரைவர் வாசலைப் பார்த்தார். மூன்று பேருக்கும் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை.

அக்கா மட்டும், “அப்போ போனை எடுத்தது யாரு?” என்றார். “தெரியல. நீங்க சொல்லுங்க,” என்று டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். அக்கா உட்கார்ந்தார். ஒரு விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ‘எடுத்தது அவன் அம்மா’ என்று வந்தது. இவ்வளவு நீள வரியை அவர் நடுவில் நிற்காமல் முடித்து நான் பார்த்ததில்லை. டிரைவர், “அய்யோ, மாமியாரா, லைனைக் கட் பண்ணச் சொல்லுங்க,” என்றார். அன்றைக்கு வகுப்பு எப்போது முடிந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

வக்கீலின் புதிய சிஸ்டம் அப்படியே காத்திருக்கிறது. இப்போது செக்யூர் பூட் ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால்தானே தெரியும். கதை முடிகிறவரை மெஷினை அணைப்பதில்லை என்று ஏகமனதாக முடிவு செய்திருக்கிறோம். எப்போது முடியும் என்றும் சொல்வதற்கில்லை. அக்கா தினமும் ஒரு பக்கம் அடிக்கிறார், அந்த மாமியார் இன்னும் போனை வைத்தபாடில்லை.